எழுதியவர் திரும்பி வந்து பார்க்க வேண்டும்



இம்மாதக் கட்டுரையை என்னுடைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். குற்றம் சிறியதுதான். ஓர் அட்டையில் இரண்டு வரி எழுதினேன். எழுதியதைப் பிறகு திருத்தவில்லை. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் நானல்லர். ஓர் ஏழை மோதினார்.

எங்கள் மதரஸாவையொட்டிய பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் தண்ணீருக்காக ஒரு மோட்டார் இருக்கிறது. நிலத்தடித் தொட்டியிலிருந்து நீரை மேலேற்றுவதற்கு இரண்டு குழாய்களும் இரண்டு வால்வுகளும் இருந்தன. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தபடியால், சில ஆண்டுகளுக்கு முன் நானே ஓர் அட்டையில் எழுதிச் சுவிட்சுப் பலகைக்கு அருகே ஒட்டினேன்: "இடப்புற வால்வைத் திறக்கவும். வலப்புற வால்வை மூடவும். பிறகு மோட்டாரைப் போடவும்."

பின்னர் ஒரு நாள் குழாய் வேலை செய்பவர் வந்து, துருப்பிடித்த இடப்புறக் குழாயைத் துண்டித்து அடைத்துவிட்டு, எல்லா நீரையும் வலப்புறக் குழாய்க்கு மாற்றினார். அன்று நானும் பக்கத்தில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையை மாற்ற வேண்டும் என்று எண்ணினேன். 'எல்லாருக்கும்தான் தெரியுமே, வாய்ச்சொல் போதாதா' என்றும் எண்ணினேன். இரண்டாவது எண்ணம் வென்றது.

பழைய மோதினார் ஊருக்குத் திரும்பிவிட்டார். புதியவர் வந்தார். ரமலான் மாதம். ஸஹர் நேரத்தில் தொட்டி வற்றியிருப்பதைக் கண்ட அந்த இளைஞர், அட்டையைப் படித்து, அதில் கண்டபடியே ஒழுங்காகச் செய்தார். அடைக்கப்பட்ட குழாயை எதிர்த்து நெடுநேரம் ஓடிய மோட்டார் எரிந்துபோயிற்று. பஜ்ரு தொழுகைக்கு வந்தவர்கள் வெறும் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு வீடுகளுக்குத் திரும்பிச் சென்று ஒளுச் செய்துவந்தார்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் செலவை மூன்று தவணைகளாக மோதினாரின் சம்பளத்தில் பிடிப்பதென்று நிர்வாகத்தார் முடிவு செய்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பேசாமல் இருந்தேன்.

சொற்களைத் திருத்தும் தொழில்

அந்த வாரத்திலேயே என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். நெல்லித்தோப்பில் வளர்ந்தவர், என்னிடம் ஓதியவர், இப்போது கணிப்பொறித் துறையில் பணிபுரிகிறார். மதரஸா அலுவலகத்திலுள்ள பழைய கணிப்பொறியில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவித் தந்தவரும் அவரே. நான் கலைப் பட்டதாரி. கணிப்பொறியில் தட்டச்சுச் செய்வதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. பேச்சுவாக்கில், "இரவெல்லாம் விழித்திருந்து என்ன செய்கிறாய் தம்பி?" என்று கேட்டேன்.

"வாக்கியம் திருத்துகிறேன் ஹஜ்ரத்" என்றார்.

வியப்பாக இருந்தது. விளக்கச் சொன்னேன். அவர் சொன்னவற்றையும், அதன்பின் நான் தேடித் தெரிந்துகொண்டவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். கணிப்பொறியே இல்லாத வீட்டாரும் பொறுமையோடு படியுங்கள், பொருள் உங்களுடையதுதான்.

கணிப்பொறியின் உள்ளே எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மையப் பகுதி இருக்கிறது. அதனைக் கெர்னல் என்பார்கள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். நினைவகத்தை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது, தட்டில் எதை எங்கே எழுதுவது, எந்த வேலையை முதலில் செய்வது என்றெல்லாம் தீர்மானிப்பது அதுவே. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் எழுதத் தொடங்கிய கெர்னல்தான் லினக்ஸ். முதலில் ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்டிருந்த அது, இன்று 3 கோடி வரிகளுக்கும் மேல் வளர்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசி உங்கள் வீட்டில் இருந்தால் அதன் அடியில் இருப்பது இந்த லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டால், 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் அத்தனையிலும் இயங்குவது இதுவே.

இதற்கு உரிமையாளர் என்று ஒரு நிறுவனம் இல்லை. உலகின் பல பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் திருத்தங்களை அனுப்புகிறார்கள். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும்.

இங்கேதான் என் அட்டையின் கதை தொடங்குகிறது. குழாய் மாறுகிறது, அட்டை மாறுகிறதா?

பத்து வாரத்துக்கு ஒரு முறை மாறும் வீடு

கெர்னலோடு கூடவே அதனைப் பற்றிய விளக்க நூல்களும் ஒரே களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. இது தவிர, நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் தலைமாட்டில், 'இது என்ன செய்யும், எதைக் கேட்கும், எதைத் திருப்பித் தரும்' என்ற குறிப்பும் எழுதப்படுகிறது. அக்குறிப்புகளை ஒரு கருவி திரட்டி நூலாக்குகிறது. நிரலில் ஒரு பெயர் மாறி, குறிப்பில் பழைய பெயரே நின்றுவிட்டால், அக்கருவி எச்சரிக்கை தரும். என் மாணவர் அனுப்பி ஏற்கப்பட்ட முதல் திருத்தம் அத்தகையதே: மாறிப்போன ஒரு பெயர், ஒரே ஒரு வரி.

"ஆனால் பெயர் சரியாக இருந்து பொருள் பொய்யாகிப்போனால் எந்தக் கருவியும் சொல்லாது, ஹஜ்ரத். அதை மனிதன்தான் படித்துப் பார்க்க வேண்டும்" என்றார் அவர்.

இந்த விளக்க நூல்களுக்குப் பல்லாண்டுகளாகப் பொறுப்பேற்று வருபவர் ஜோனதன் கார்பெட் என்பவர். பலர் பல காலத்தில் பல விதமாக எழுதிப்போட்ட ஓலைக் குவியல்போல் இருந்தவற்றை, 2016ஆம் ஆண்டு முதல் ஒரே முறையில் அமைந்த நூலாக மாற்றும் பணி தொடங்கிற்று. எழுத்து நடையை மாற்றுவது எளிதாக இருந்தது. உள்ளே எழுதியிருப்பது இன்றும் உண்மைதானா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பதுதான் கடினம்.

வேறொரு ஏற்பாடும் என்னைக் கவர்ந்தது. கெர்னல் வெளியுலகுக்குக் காட்டும் முகங்களை விவரிக்கும் குறிப்புகளை அவர்கள் நான்கு அறைகளில் பிரித்து வைக்கிறார்கள். முதலாவது, நிலைபெற்றவை. இரண்டாவது, சோதனையில் இருப்பவை. மூன்றாவது, வழக்கொழியப் போகிறவை. நான்காவது, நீக்கப்பட்டவை. நீக்கியதற்கும் ஓர் அறை இருப்பதைக் கவனியுங்கள்! 'இது முன்பு இருந்தது, இப்போது இல்லை' என்று சொல்வதும் அறிவுதான். இடப்புறக் குழாய் துண்டிக்கப்பட்டது என்ற ஒரு வரியை நான் எழுதியிருந்தால் அந்த மோட்டார் எரிந்திருக்காது.

சொல்லாமல் விட்ட ஒரு வரி

'நூலில் ஒரு வரி குறைந்தால் என்ன ஆகிவிடும்?' என்று நீங்கள் கேட்கலாம். 2018ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஒரு செய்தியைச் சொல்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் என்பது உலகெங்கும் நிறுவனங்கள் தம் கணக்குகளை ஒப்படைத்து வைக்கும் ஒரு தரவுத்தள மென்பொருள். அது ஒரு கணக்கை எழுதியதும் கெர்னலிடம், 'இதனைத் தட்டில் உறுதியாக எழுதிவிட்டாயா?' என்று கேட்கும். 'எழுத முடியவில்லை' என்று கெர்னல் சொன்னால், சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்கும். இரண்டாம் முறை 'சரி' என்று விடை வந்தால், எழுதியாயிற்று என்று நிம்மதி கொள்ளும். ஏறத்தாழ 20 ஆண்டுகளாக அம்மென்பொருளை ஆக்கியோர் இவ்வாறே நம்பியிருந்தார்கள்.

உண்மை வேறாக இருந்தது. எழுத்து ஒரு முறை தோற்றதும், கெர்னல் அந்தத் தோல்வியை அறிவித்துவிட்டு, கையிலிருந்த எழுத்தை 'முடிந்த வேலை' என்று குறித்து வைத்துவிடும். இரண்டாம் முறை கேட்கும்போது அதன் கணக்கில் நிலுவை ஏதும் இல்லை. ஆகவே 'சரி' என்று சொல்லும். கணக்கோ தட்டில் இல்லை! தோல்விக்குப் பின் அந்த எழுத்தின் கதி என்ன என்பதை விளக்க நூல்கள் தெளிவாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் ஒவ்வொருவரும் தம் அனுமானத்தை நிரப்பிக்கொண்டார்கள். இரு தரப்பிலும் திறமைசாலிகள். எவரிடமும் தீய எண்ணம் இல்லை. இருந்தும் பிறர் அமானிதமாக ஒப்படைத்த கணக்குகள் அழிந்துபோகும் வழி திறந்தே கிடந்தது. 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் போஸ்ட்கிரெஸ் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. இப்போது அத்தகைய தோல்வி நேர்ந்தால் அது மீண்டும் கேட்பதில்லை. வேலையை நிறுத்தித் தன் நாட்குறிப்பிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக மீட்டெடுக்கிறது.

பொய்யான அட்டை ஒரு மோட்டாரை எரித்தது. சொல்லாமல் விட்ட வரி அதனினும் பெரியதை எரிக்க வல்லது.

இது நம் வீட்டுக் கலை

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, இவை எனக்குப் புதியவையல்ல என்ற எண்ணம் மெல்ல எழுந்தது. ஹதீஸ் கலை பயிலும் எந்த மாணவரும் இதனை அறிவார்.

அல்லாஹ்வின் வேதத்தில் திருத்தம் இல்லை; அதனை இங்கே ஒப்பிடவும் இல்லை. ஆனால் மனிதர் கைப்பட எழுதிய படிகளில் பிழை வரும் என்பதை நம் முன்னோர் ஒளிக்கவில்லை. பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது என்று ஒரு கலையையே வகுத்தார்கள். ஹிஜ்ரி 643இல், அதாவது 1245ஆம் ஆண்டில், திமிஷ்கு நகரில் வபாத்தான இமாம் இப்னு ஸலாஹ் (ரஹ்) அவர்களின் முகத்திமா என்னும் நூல் இதனை விரிவாகப் பேசுகிறது. படியெடுத்தவர் அதனை ஆசிரியரின் மூலப் படியோடு ஒப்பிட வேண்டும். இதற்கு முகாபலா என்று பெயர். ஒப்பிடாத படிக்கு மதிப்பில்லை. ஒரு ஹதீஸுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வட்டம் இடுவார்கள். அவ்வட்டத்தை வெறுமையாக விட்டு வைத்து, மூலத்தோடு ஒப்பிட்டு முடித்த பின்னரே அதனுள் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது ஹிஜ்ரி 463இல் வபாத்தான கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்கள் விரும்பிய முறை. புள்ளி இருந்தால், 'சரிபார்த்தாயிற்று'; இல்லையென்றால், 'இன்னும் இல்லை'. என்னே ஒரு நேர்மை!

தவறான சொல்லை என்ன செய்வது? சுரண்டி அழிப்பதைவிட, அடியில் இருப்பது படிக்கும்படி மேலே ஒரு கோடு இடுவதே சிறந்தது என்றார்கள். இன்று ஒருவர் பிழையென்று கருதுவது நாளை வேறொரு வழியில் சரியென்று தெரியவரலாம் அன்றோ? லினக்ஸ் திருத்தங்களும் இவ்வாறே அமைகின்றன. எந்த வரி நீங்கிற்று, எந்த வரி சேர்ந்தது, யார் செய்தார், எந்நாளில், என்ன காரணத்தால் என்பவை எல்லாம் அழியாமல் நிற்கின்றன.

மேலும் கேளுங்கள். ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அனுப்பியவர் தம் பெயரை இட்டுக் கையொப்பமிட வேண்டும். அது அவர் கையிலிருந்து ஒரு பராமரிப்பாளரின் கைக்குப் போகும்போது அவரும் தம் பெயரை அதன் கீழ் இடுகிறார். அடுத்தவரும் இடுகிறார். 2003ஆம் ஆண்டு, லினக்ஸில் பிறருடைய சொத்து கலந்திருப்பதாக ஒரு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 'ஒவ்வொரு வரியும் யாரிடமிருந்து வந்தது?' என்று கேட்டால் விடை சொல்லும் வழி வேண்டுமென்று 2004ஆம் ஆண்டு இம்முறையை ஏற்படுத்தினார்கள். சரிபார்த்தவர், சோதித்தவர், பிழையை அறிவித்தவர் ஆகியோர் பெயர்களும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் என்று செல்லும் நம் இஸ்னாத் சங்கிலியை அறிந்தவர்கள் இதனைப் படித்துப் புன்னகை செய்வார்கள்.

நம் புதுச்சேரிவாசிகளுக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக்காலம் தொட்டு 'எத்தா சிவில்' என்று வழங்கும் குடிப்பதிவேட்டை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பிரெஞ்சு முறையில் பிறப்புப் பதிவின் பக்கத்தில் ஓரம் விட்டு வைப்பார்கள். அதே மனிதருக்குப் பின்னாளில் திருமணம் நடந்தால், மணவிலக்கு நேர்ந்தால், இறப்பு நேர்ந்தால், அது அந்த ஓரத்தில் குறிக்கப்படும். எழுதிய நாளோடு ஏடு செத்துவிடக் கூடாது. மனிதர் வாழும் வரை ஏடும் வாழ வேண்டும் என்பதே அந்த வெற்று ஓரத்தின் பொருள்.

நான்கு கைகள் கடந்த நூல்

இனிப் பணத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

கெர்னலை நோக்கி நிரல் எழுதுவோர் அன்றாடம் புரட்டும் கையேடு ஒன்றுண்டு. அதன் மூதாதை, யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்திற்காகக் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவர் ஆக்கிய கையேடு. முதற்பதிப்பின் தேதி 1971 நவம்பர் 3. அப்பக்கங்களில் 'குறைகள்' என்று ஒரு தலைப்பே இருந்தது. செய்தவர்களே தம் பொருளின் குறையைத் தம் கையால் எழுதி வைத்தார்கள்! நம் கடைவீதியில் எத்தனை சரக்கின் மேல் அப்படி ஒரு சீட்டைக் காண்கிறோம்?

லினக்ஸுக்கான இக்கையேட்டை 1990களின் முற்பகுதியில் ரிக் ஃபெய்த் என்பவர் பேணினார். அவரிடமிருந்து ஆண்ட்ரீஸ் ப்ரௌவர் பெற்றார். அவரிடமிருந்து 2004ஆம் ஆண்டு மைக்கேல் கெர்ரிஸ்க் பெற்று, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பேணினார். இடையில் 2010ஆம் ஆண்டு அத்துறையில் 1,500 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு பெருநூலையும் எழுதினார். அவருக்குப் பின் அப்பொறுப்பு அலெஹாந்த்ரோ கொலொமார் என்பவரிடம் வந்தது. நான்கு கைகள், ஒரு நூல்.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் கொலொமார் ஓர் அறிவிப்புச் செய்தார். ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி இப்பணியைச் செய்து வந்ததாகவும், எந்த நிறுவனமும் உதவாத நிலையில் இனித் தம்மால் தொடர இயலாதென்றும், பணியை நிறுத்தி வைப்பதாகவும் தெரிவித்தார். கோடி கோடியாக ஈட்டும் நிறுவனங்கள் நாள்தோறும் அந்நூலைப் பயன்படுத்துகின்றன. எழுதிப் பேணியவருக்கோ கூலி இல்லை. அந்த அறிவிப்புக்குப் பின்னரே சில நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பொருளுதவி அளித்தன; பணி மீண்டும் தொடர்ந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு வசனம் நினைவுக்கு வந்தது. திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம் எது என்று சிறுவர்களிடம் கேட்டால், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் என்று சொல்லிவிடுவார்கள். அது எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதன்று. கடனை எழுதி வைப்பது பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் சோம்பாமல் எழுதச் சொல்கிறது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்கிறது. அதே வசனத்தின் பிற்பகுதியில் எழுதுபவருக்கோ சாட்சிக்கோ தீங்கு இழைக்கலாகாது என்ற கட்டளையும் வருகிறது. எழுதச் சொன்ன இறைவன் எழுதுபவரையும் மறக்கவில்லை.

நாம் மறந்துவிடுகிறோம். பள்ளிவாசலின் வரவு செலவுக் கணக்கையும், நிகாஹ் தப்தரையும், மையவாடிக் குறிப்பையும் எழுதுபவருக்கு எவ்வளவு தருகிறோம்? மஹர் தொகையைத் தப்தரில் தவறின்றி எழுதிய அந்தக் கைதான், பின்னாளில் ஒரு பெண் தன் உரிமையைக் கேட்டு நிற்கும்போது அவளுக்குரிய ஒரே சாட்சியாக நிற்கிறது. வக்ஃபு நிலத்தின் நான்கெல்லையை இன்றைய நிலவரப்படி எழுதி வைக்காததனால் கைநழுவிய சொத்துகள் எத்தனை! எல்லைக் கல்லாக நின்ற புளிய மரம் விழுந்துவிட்டது. பத்திரத்தில் மரம் மட்டும் இன்னும் நிற்கிறது.

தமிழுக்கு ஓர் இடம்

தமிழில் இத்தகைய பணி நடக்கவில்லையா என்று கேட்டேன். நடக்கிறது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதும் 'கணியம்' என்னும் மின்னிதழ் 2012ஆம் ஆண்டு முதல் வருகிறது. நம் புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. பக்கத்தில் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட பாஸ் லினக்ஸ், பின்னர் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் இடம்பெற்றது.

ஆயினும் கெர்னலின் விளக்க நூல்களுக்குச் சீனம், ஜப்பான், கொரியா, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய மொழிகளில் பெயர்ப்புகள் உள்ள அக்களஞ்சியத்தில் தமிழுக்கு இன்னும் ஓர் அறை இல்லை. "நீ தொடங்கலாமே" என்றேன். அவர் உடனே ஒப்பவில்லை. "தொடங்குவது எளிது ஹஜ்ரத். பத்து வாரத்துக்கு ஒரு முறை மூலம் மாறும். மாறும்போதெல்லாம் தமிழையும் மாற்ற ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால், பழைய மொழிபெயர்ப்பு இருப்பதைவிட இல்லாதிருப்பதே நல்லது" என்றார்.

அவருடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். அழகிய தமிழில் ஒரு பொய்யான அட்டையை அவர் ஒட்ட விரும்பவில்லை. பொறுப்பேற்க நான்கு பேர் சேர்ந்தால் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். இதைப் படிக்கும் இளைஞர்களில் எவருக்கேனும் ஆங்கிலமும் தமிழும் பொறுமையும் ஒருங்கே வாய்த்திருந்தால், இதுவும் ஓர் அறப்பணியே என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

அட்டை என்னவாயிற்று?

அவரை வழியனுப்பிவிட்டு நேரே மோதினாரின் அறைக்குச் சென்றேன். முதல் தவணை அதற்குள் பிடிக்கப்பட்டிருந்தது. அத்தொகையை அவர் முன் வைத்து, "பிழை என்னுடையது, அட்டையை எழுதியவன் நான், குழாய் மாறியதும் எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் பணத்தைத் தொடவில்லை. "உங்க கையெழுத்துன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் ஹஜ்ரத். பெரியவங்க எழுதினதைத் தப்புன்னு எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். காசு வேணாம். அந்த அட்டையை மாத்தி எழுதிக் குடுங்க, போதும்" என்றார்.

வாசகர்களே, அந்தச் சொல் என்னைச் சுட்டது. எழுதியவர் பெரியவர் என்பதால் பிழை பிழையாகவே நின்றுவிட்டது. ஹதீஸ் கலை இமாம்கள் தம் ஆசிரியர்களின் படியையே ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். ஆசிரியர் மீது அவர்களுக்கிருந்த மரியாதை அதனால் குறையவில்லை. பிழையைச் சுட்டிக் காட்டும் துணிவை என் மாணவர்களுக்கு நான் கொடுத்திருக்கிறேனா என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பணத்தை அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டே வந்தேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். மிஞ்சிய இரு தவணைகளை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுமாறு கேட்டேன்; அவ்வாறே செய்தார்கள். சிலர் முகத்தில் புன்னகை தெரிந்தது. இருக்கட்டும்.

இப்போது சுவிட்சுப் பலகைக்கு அருகே புதிய அட்டை இருக்கிறது. வலப்புற வால்வைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. இடப்புறக் குழாய் துண்டிக்கப்பட்டது என்ற வரியும் இருக்கிறது. எழுதிய தேதியும் என் பெயரும் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு விரற்கடை ஓரம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. கயிற்றில் ஒரு பென்சிலும் தொங்குகிறது. சென்ற மாதம் பார்த்தேன். அந்த ஓரத்தில் மோதினாரின் கையெழுத்தில் ஒரு வரி: "அரை மணிக்கு மேல் ஓட விடாதீர்கள், சூடாகிறது." கீழே தேதியும் அவர் பெயரும்.

உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட அட்டைகள் இருக்கும். வயதான தாயாரின் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மருத்துவர் மாற்றிய மாத்திரை அதில் மாறியிருக்கிறதா? கடன் கொடுத்த குறிப்பேட்டைப் பாருங்கள். திருப்பித் தந்தவரின் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறதா? உங்கள் வஸிய்யத்தைப் பாருங்கள். அதில் எழுதிய நிலம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா? மாறியிருந்தால் கோடிட்டுத் திருத்துங்கள், தேதியிடுங்கள், பெயரிடுங்கள். வீட்டில் உங்களுக்காக எழுதுபவர் எவரோ, கணக்கு எழுதும் மனைவியோ, படிவம் நிரப்பித் தரும் மகளோ, அவருடைய உழைப்பைக் கண்டுகொள்ளுங்கள்.

நாம் எழுதி வைத்துவிட்டுப் போகும் எழுத்து, நாம் இல்லாத நேரத்தில், நாம் அறியாத ஒருவரிடம் நமக்காகப் பேசுகிறது. அது அவரிடம் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. அந்த அமானிதத்தை நிறைவேற்றும் நல்லோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.